மனநல மாத்திரையும் ரத்த உறைவும்

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற நோய்களுக்குத் தரப்படும் ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் பலரை மறுபடி வேலைக்கும் குடும்பத்துக்கும் மீட்டுத் தந்திருக்கின்றன. இவற்றால் எடை கூடும், தூக்கம் வரும் என்பது வீட்டாருக்குத் தெரியும். அரிதாக ரத்தம் உறையவும் கூடும் என்பது பலருக்குத் தெரியாது.

ஆபத்து எவ்வளவு?

2010-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. இம்மருந்துகளை எடுப்போருக்கு ரத்த உறைவு ஆபத்து 32 சதவீதம் கூடுதல். புதிதாகத் தொடங்கிய முதல் 3 மாதங்களில் ஏறக்குறைய இரு மடங்கு என்றது அது. ஆனாலும், 10,000 பேர் ஓராண்டு மருந்து எடுத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படுவோர் சுமார் 4 பேர். 65 வயதைக் கடந்தவர்களில் சுமார் 10 பேர்.

ஏன் உறைகிறது?

காரணம் முழுதும் தெளிவாகவில்லை. மயக்கத்தில் நெடுநேரம் படுத்தே இருப்பது, உடல் பருமன், புரோலாக்டின் ஹார்மோன் உயர்வு ஆகியவற்றுக்குப் பங்கிருக்கலாம். தண்ணீர் குடிக்காமல், அசையாமல் கிடப்பவர்களுக்கு ஆபத்து கூடும். புகைப்பழக்கம், கருத்தடை மாத்திரை, அண்மையில் செய்த அறுவை சிகிச்சை, குடும்பத்தில் யாருக்கேனும் ரத்த உறைவு இருந்தது ஆகியவற்றை மருத்துவரிடம் முன்பே சொல்லுங்கள்.

அறிகுறிகள்

ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலி, சூடு, சிவப்பு. காலில் உறைந்த ரத்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம், இருமலில் ரத்தம் வரலாம். இது உயிருக்கே ஆபத்து; உடனே 108-ஐ அழையுங்கள்.

மனநோயாளிக்கு மூச்சு வாங்குகிறது என்றால், "பதற்றம்தான், சரியாகிவிடும்" என்று வீட்டாரும் சில நேரம் மருத்துவமனையிலும் ஒதுக்கிவிடுகிறார்கள். சிலருக்குத் தம் வலியைச் சொல்லவும் வராது. அவசரப் பிரிவில், நோயாளி என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதைச் சீட்டோடு காட்டுங்கள். டாப்ளர் ஸ்கேன், சி.டி. ஸ்கேன் மூலம் கண்டுபிடிக்கலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளால் குணப்படுத்தலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

தினமும் நடக்க வையுங்கள். போதுமான தண்ணீர் கொடுங்கள். படுக்கையில் இருப்பவரின் கால்களை அசைக்கச் செய்யுங்கள். இரண்டு கால்களையும் அவ்வப்போது ஒப்பிட்டுப் பாருங்கள்.

பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். நோய் திரும்பிவரும் ஆபத்து இதைவிடப் பெரியது. மாத்திரையைத் தொடருங்கள், நோயாளி தம் உடம்பைப் பற்றிச் சொல்லும் ஒவ்வொரு சொல்லையும் நம்பிக் கேளுங்கள்.