குரல் மாறாமல் கூடும் வேகம்

வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியை இரு மடங்கு வேகத்தில் ஓடவிட்டாலும் பேசுபவரின் குரல் மாறுவதில்லை. டேப் ரெக்கார்டரில் இது நடக்காது. நாடா இரு மடங்கு வேகமாக ஓடினால் அதிர்வெண்ணும் இரு மடங்காகி, சுருதி ஒரு ஸ்தாயி ஏறிவிடும். ஆண் குரலும் கீச்சுக்குரலாகும். செயலியோ ஒலியை நுண்ணிய துண்டுகளாக வெட்டி ஒட்டுகிறது. ‘ஆ’ என்று சொல்லும்போது ஓர் ஆணின் குரல்நாண்கள் நொடிக்குச் சுமார் 100 முறை அதிர்கின்றன. அடுத்தடுத்த அதிர்வுகள் ஏறக்குறைய ஒரே வடிவில் இருக்கும். அவற்றுள் சிலவற்றை நீக்கி, வடிவம் பொருந்தும் இடத்தில் மற்றவற்றை இணைத்தால் நேரம் சுருங்கும்; சுருதி அப்படியே நிற்கும். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் ஃபேர்பேங்க்ஸ் குழுவினர் 1950-களில் சுழலும் டேப் ஹெட்டைக் கொண்டு செய்ததை இன்று மென்பொருள் செய்கிறது.

குறிலா நெடிலா என்பதை வைத்தே பொருள் மாறும் தமிழில் ஒலியைச் சுருக்கினால் ‘பால்’ ‘பல்’லாகிவிடாதா என்று கேட்கலாம். எல்லா ஒலிகளும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் சுருங்குவதால் நெடில் தன் பக்கத்துக் குறிலைவிட நீண்டே ஒலிக்கும்; காதும் அந்த ஒப்பீட்டைப் பெரிதும் நம்புகிறது. அளவு மீறினால் குழப்பம் வரும். ஆனால், மிதமான வேகத்தில் சொற்கள் பெரும்பாலும் பிழைத்துவிடுகின்றன. உண்மையான இழப்பு வாக்கியங்களுக்கு நடுவே இருக்கிறது. கேட்டதை மனம் ஏற்கெனவே அறிந்ததோடு பொருத்திப் பார்க்கும் அந்த இடைவெளியும் பாதியாகிவிடுகிறது.

அப்படியானால் வேகமாகக் கேட்பதே வீணா? லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. விரிவுரைக் காணொளிகளை இரு மடங்கு வேகம் வரை பார்த்த மாணவர்களின் புரிதல் பெரிதாகக் குறையவில்லை. இரண்டரை மடங்கில் குறைந்தது. அதே ஆய்வில், ஒரு வாரம் கழித்துத் தேர்வுக்குச் சற்று முன் இரு மடங்கு வேகத்தில் மீண்டும் பார்த்தது கைகொடுத்தது. ஆனால், அவை பொது அறிமுக உரைகள். நிறுத்தி யோசித்தால்தான் பிடிபடும் கணக்குக்கோ சட்ட விளக்கத்துக்கோ அந்த முடிவை அப்படியே நீட்ட முடியாது. ஆகவே வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியது, அந்தப் பொருளைப் பற்றிக் கேட்பவருக்கு முன்பே எவ்வளவு தெரியும் என்பதே. தெரிந்ததை நினைவூட்டிக்கொள்ள இரு மடங்கு தாராளமாகப் போதும். புதிதாகக் கற்கையில் இயல்பு வேகமே நல்லது. தேவையானால் நிறுத்தும் பொத்தானையும் அழுத்தலாம்.