பழைய நாற்சக்கர இயக்க வண்டி வாங்குதல்

நாற்சக்கர இயக்க வண்டி என்பது எஞ்சினின் விசையை முன், பின் ஆகிய நான்கு சக்கரங்களுக்கும் செலுத்தக்கூடிய ஊர்தி ஆகும். பேச்சு வழக்கில் இது ஃபோர் வீல் டிரைவ் எனப்படும். புதுச்சேரியின் ஊரகக் கொம்யூன்களான வில்லியனூர், பாகூர் ஆகிய இடங்களில் நண்பர்கள் சேர்ந்து மண்பாதையில் ஓட்டி மகிழப் பழைய வண்டி வாங்கும்போது, விலையைவிட மூன்று செய்திகள் முக்கியமானவை: முன் சக்கர இயக்கம் உண்மையில் வேலை செய்கிறதா, பதிவு யார் பெயரில் உள்ளது, ஓட்ட இடம் எது.

வகைகள்

இந்தியாவில் குறைந்த விலையில் கிடைக்கும் பழைய வண்டிகளில் மகிந்திரா ஜீப்புகள், 1985இல் அறிமுகமான மாருதி ஜிப்சி, 2010இல் வந்த முதல் தலைமுறைத் தார் ஆகியவை குறிப்பிடத்தக்கவை. இவற்றில் ஓட்டுநர் தனி நெம்புகோலால் முன் சக்கர இயக்கத்தைச் சேர்க்கிறார். அந்நிலையில் முன், பின் அச்சுகள் ஒரே வேகத்தில் சுழல்வதால், தார்ச்சாலையில் திரும்பும்போது பற்சக்கரங்களில் இறுக்கம் ஏற்பட்டுத் தேய்மானம் உண்டாகும். எனவே மணல், சேறு போன்ற வழுக்கும் தரையில் மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும். ரெனோ டஸ்டரின் ஆல் வீல் டிரைவ் வகையில் தேவைக்கேற்ப விசை தானாகவே பின் சக்கரங்களுக்கும் செல்லும்.

ஜீப் தோற்றமுள்ள வண்டிகள் எல்லாம் நாற்சக்கர இயக்கம் கொண்டவை அல்ல. தாரிலும் இருசக்கர இயக்க வகைகள் விற்கப்பட்டன.

சோதித்துப் பார்த்தல்

விற்பவரின் சொல்லை மட்டும் நம்பாமல், தளர்ந்த மணலில் வண்டியை நிறுத்தி நெம்புகோலைப் போட்டு மெதுவாக நகர்த்த வேண்டும். முன் சக்கரங்களும் இழுக்கின்றனவா என்பதை வெளியே நிற்கும் ஒருவர் கவனிக்கலாம். குறைவேக கியரையும் தனியே சோதிக்க வேண்டும். அடிப்பகுதியில் எண்ணெய்க் கசிவு, சேசிஸில் துரு அல்லது பற்றவைத்த தடம் உள்ளதா எனப் பார்ப்பது அவசியம். கடலோர வண்டிகளில் உப்புக் காற்றால் துரு விரைவில் பிடிக்கும். டிஃபரன்ஷியல் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே நீர் புகுந்துள்ளது என்று பொருள்.

ஆவணங்கள்

புதுச்சேரிப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இல்லாமல் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுடன் பின்னிக் கிடப்பதால், பக்கத்து ஊரில் விற்பனைக்கு வரும் வண்டி தமிழ்நாட்டுப் பதிவு கொண்டதாக இருக்கலாம். அவ்வாறாயின் பழைய பதிவு அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. அதற்கான விண்ணப்பம் படிவம் 28. பெயர் மாற்றத்திற்குப் படிவம் 29, 30 ஆகியவை பயன்படுகின்றன. பிற மாநில வண்டியை 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அப்போது சேரும் வரியையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். தயாரிப்பாளர் வடிவமைப்பிலிருந்து விலகும் மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் பிரிவு 52 கட்டுப்படுத்துகிறது. ஆகவே எஞ்சின் மாற்றிய, உடல் மாற்றிய மலிவு ஜீப்பைப் புதுப்பிக்க முடியாமல் போகலாம்.

கூட்டாக வாங்குதல்

நால்வர் பணம் போட்டாலும் பதிவுச் சான்றில் ஒருவர் பெயரே உரிமையாளராக நிற்கும். 2018இல் உச்ச நீதிமன்றம், பலர் கைமாறியும் பெயர் மாற்றப்படாத ஒரு காரின் வழக்கில், விபத்து இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் உள்ள உரிமையாளரே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. ஆகவே விற்பவரும் வாங்குபவரும் பெயர் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. நண்பர்களுக்குள் யார் எவ்வளவு கொடுத்தார், பழுதுச் செலவை யார் ஏற்பார் என்பதை எழுதி வைப்பதும், உரிமம் இல்லாதவரிடம் சாவி கொடுக்காதிருப்பதும் பதிவு பெற்றவரைக் காக்கும்.

ஓட்டும் இடம்

வில்லியனூர்ப் பகுதியில் சங்கராபரணி ஆறும், பாகூர்ப் பகுதியில் தென்பெண்ணையாறும் ஓடுகின்றன. ஆற்று மணலில் பள்ளங்கள் மேலே தெரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நீர் திடீரென உயரும். ஊசுட்டேரி பறவைகள் சரணாலயம் என்பதால் அதனுள் வண்டி ஓட்டக் கூடாது. பாகூர் ஏரி போன்ற பாசன ஏரிகளின் கரையில் சக்கரத்தடம் பதிந்தால், மழையில் அதன் வழியே மண் அரிக்கும். நரம்பை, மூர்த்திக்குப்பம் போன்ற ஊர்களை ஒட்டிய இக்கடற்கரையில் ஆண்டின் தொடக்க மாதங்களில் பங்குனி ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. வண்டி ஏறினால் முட்டைகள் நசுங்கும்.

எனவே உரிமையாளர் இசைவு பெற்ற தரிசு நிலமே ஏற்றது. இரண்டு வண்டிகளாகச் செல்வதும், இழுவைக் கயிறு, மண்வெட்டி, காற்றடிக்கும் பம்பு எடுத்துச் செல்வதும் நல்லது. மணலில் இறங்கும்முன் டயர் காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் மீண்டும் நிரப்பிவிட வேண்டும்.