அரிக்கன் இலாம்புக்கு மின்னொளி

இருட்டிய பின் வீட்டிலும் வெளியிலும் நடைபெற்ற காரியங்களுக்கெல்லாம் ஒருகாலத்தில் துணைநின்றது அரிக்கன் இலாம்பு. வண்டிலின் அடியிலே தொங்கியதும், தோட்டத்துக்குச் செல்வோரின் கையில் அசைந்ததும், பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் மேசையில் எரிந்ததும் அதுவே. லக்சபானா நீர்மின் நிலையம் 1950 ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கிற்றாயினும், மின்கம்பி எட்டாத கிராமங்கள் அதன் பின்னரும் பல்லாண்டு காலம் இவ்விலாம்பையே நம்பியிருந்தன. இன்று அது பரணிலோ, குசினி மூலையிலோ துருவேறிக் கிடக்கின்றது. அதனைத் துடைத்தெடுத்து மின்விளக்காக்கி விறாந்தையிலே தொங்கவிட விரும்புவோர் பலர். விருப்பம் நல்லதே. அதனை நிறைவேற்றும் முறைதான் பல இடங்களில் இலாம்புக்கும் ஆகாது, அதனைத் தொடுவோரின் உயிருக்கும் ஆகாது.

மாற்றத் தொடங்குமுன் அதன் அமைப்பை அறிதல் வேண்டும். புயலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் அரிக்கன் என்றாயிற்று. காற்றுக்கு அணையாமை இவ்விளக்கின் சிறப்பு. அதன் இரகசியம் இருபுறமும் உள்ள குழாய்களிலே இருக்கின்றது. அவை சிமிலியைக் காக்கும் வெறுஞ் சட்டங்கள் அல்ல. உள்ளே வெறுமையான காற்றுவழிகள். 1860 களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ஜோன் ஏர்வின் என்பார் அமைத்த முதல் வகையில், சுடரிலிருந்து எழுந்த சூடான காற்றின் ஒரு பகுதி இக்குழாய்களின் வழியே திரும்பவும் சுடருக்கு ஊட்டப்பட்டது. 1870 களில் அவர் அமைத்த இரண்டாம் வகையில், எரிந்த காற்று மேலே வெளியேறிவிட, புறத்திலிருந்து வரும் குளிர்ந்த தூய காற்றுமட்டுமே குழாய்வழி இறங்கிற்று. சுடர் வெண்மையும் பிரகாசமும் பெற்றது. அமெரிக்க டீற்ஸ் கம்பனியாரும், ஜெர்மனியின் பொயர்ஹாண்ட் கம்பனியாரும் இவ்வமைப்புகளை உலகெங்கும் பரப்பினர்.

இத்துணை நுட்பமான கருவியை மின்விளக்காக்க முற்படுவோர் முதலிற் செய்வது யாது? எண்ணெய்த் தொட்டியின் அடியிலே துளையிடுவது. கம்பியை உள்ளே செலுத்த அதுவே இலகுவான வழி என்பது அவர் எண்ணம். துளையிட்ட தொட்டி பின்னொருபோதும் எண்ணெய் தாங்காது. பற்றுவைத்து அடைத்தாலும் பழைய மெல்லிய தகரம் வேறோரிடத்தில் ஒழுகத் தொடங்கும். மின்சாரம் என்றும் இருக்கும் என்று உறுதி கூற வல்லார் யார்? 1990 ஆம் ஆண்டு யூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெயும் அருமையாகி, ஜாம் போத்தலுக்குள் சிறிது எண்ணெயும் ஒரு திரியும் இட்டு மாணவர் படித்தனர். 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியிலோ நாடு முழுவதும் நாள்தோறும் பல மணிநேரம் இருளில் மூழ்கியது. அப்போது மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்றனர். ஆதலால், இன்று மின்னொளி தந்து, வேண்டியபோது மீண்டும் எண்ணெயும் எரிக்கக்கூடியதாக மாற்றுவதே அறிவுடைமை. அதற்கு ஒரு துளைதானும் வேண்டியதில்லை.

தொட்டியில் எண்ணெய் வார்க்கும் வாய் ஒன்றும், திரிக்கூடு பொருந்தும் வாய் ஒன்றுமாக இரு வழிகள் முன்னரே உள்ளன. சிமிலியை உயர்த்திச் சரித்துவிட்டு, திரிக்கூட்டைச் சற்றுத் திருப்பினால் அது கழன்றுவரும். எண்ணெய் வார்க்கும் வாயினூடாகக் கம்பியை நுழைத்துத் திரிக்கூட்டின் வாயினால் மேலே எடுக்கலாம். இரு வாய்களுக்கும் அளவாகத் தக்கை சீவி, நடுவே துளைத்துக் கம்பியைச் செலுத்தினால், தகரத்தின் கூரிய விளிம்பு கம்பியின் உறையை அராவாது. மேற்றக்கையின்மீது குமிழ்தாங்கியைப் பொருத்தலாம். சுடர் நின்ற உயரத்திலேயே குமிழும் நிற்றல் நன்று. தாழ்ந்தால் ஒளி தட்டிலே மறைபடும். திரிக்கூட்டைக் கழற்றாது, திரியை மட்டும் உருவிவிட்டு அத்துவாரத்தினூடே கம்பியை விடுவோரும் உளர். பார்வைக்கு அழகுதான். ஆயினும், திரியை ஏற்றியிறக்கும் பற்சக்கரம் உள்ளே இருக்கின்றது. யாரேனும் ஒரு பிள்ளை அக்குமிழைத் திருகினால், பற்கள் கம்பியின் உறையைக் கிழித்துவிடும்.

வேலைக்கு முன் தொட்டியைக் கழுவுதல் இன்றியமையாதது. எண்ணெய் வற்றிய தொட்டி வெறுந்தொட்டி அன்று. அதனுள் ஆவி நிற்கும். அதனருகே நெருப்புக் கொண்டு பற்றுவைக்க முனைந்தால், மூடிய தொட்டி வெடிக்கக்கூடும். சவர்க்காரமிட்ட சுடுநீரால் பலமுறை அலசி, வாய்கள் இரண்டையும் திறந்து, சில நாள் வெயிலிற் காயவிட வேண்டும். துடைப்பதிலும் அளவு வேண்டும். பித்தளை விளக்கைப் புளியும் சாம்பலும் இட்டு மினுக்கும் பழக்கம் நமக்கு உண்டு. தகரத்தின்மேலுள்ள வெள்ளீயப் பூச்சோ மிக மெல்லியது. அதனைப் புளியும் மணலும் இட்டுத் தேய்த்தால், துருவைத் தடுத்துநின்ற காவலையே தேய்த்தவராவோம்.

இனி, எத்தகைய மின்சாரம்? வீட்டுச் சுவரில் உள்ள 230 வோல்ற்று மின்சாரத்தை நேரே இலாம்பினுள் செலுத்துதல் கூடாது. அரிக்கன் இலாம்பின் உடல் முழுவதும் உலோகம். தூக்கும் கைபிடியும் உலோகம். உள்ளே உறை கிழிந்த கம்பி உடலைத் தொட்டுவிடின், ஈரச் சீமெந்துத் தரையில் வெறுங்காலுடன் நின்று அதனைத் தூக்குபவரின் உடல்வழியே மின்சாரம் பாயும். ஒரு அம்பியரில் நூறிலொரு பங்களவு மின்னோட்டமே தசைகளை இறுக்கிக் கையை விடமுடியாமற் செய்யவல்லது. அதனிற் சில மடங்கு இருதயத்தை நிறுத்தவும் கூடும். புவித்தொடுப்பும் துண்டிப்பானும் இவ்வாபத்தைக் குறைக்கும் என்பது மெய்யே. ஆயினும், கையில் எடுத்துத் திரியும் விளக்குக்கு ஆபத்தே இல்லாத வழி இருக்க, ஆபத்துள்ள வழி எதற்கு?

அவ்வழி 12 வோல்ற்றுப் பற்றரி. அதற்கேற்ற, ஒளிகாலும் இருவாயி என்னும் எல்.ஈ.டி. வகைக் குமிழ்கள் கடைகளிற் கிடைக்கின்றன. பற்றரிக்குச் சார்ச் ஏறும்போது அழுத்தம் 14 வோல்ற்றுக்கு மேலும் செல்லும். அதனையும் தாங்கும் குமிழா என்று கேட்டு வாங்குதல் வேண்டும். சிலவற்றில் நேர், மறை முனைகள் மாறினால் குமிழ் எரியாது. பற்றரியின் நேர்முனைக்கு அணித்தாக ஓர் அம்பியர் உருகி ஒன்றை இணைத்தலை மறத்தல் ஆகாது. 12 வோல்ற்று மனிதரைத் தாக்காது. ஆனால், முனைகள் ஒன்றையொன்று தொட்டால் பற்றரி பெருமின்னோட்டத்தைத் தந்து கம்பியைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

செலவுக் கணக்கு வியப்பானது. 7 அம்பியர்மணிப் பற்றரியில் அடங்குவது 84 வாற்றுமணிச் சத்தி. ஈயப் பற்றரி நீடித்துழைக்க வேண்டுமாயின் அதில் பாதியை மட்டுமே எடுத்தல் நலம். இரண்டு வாற்றுக் குமிழ் அப்பாதியில் 21 மணிநேரம் எரியும். சிறிய அரிக்கன் இலாம்பொன்று 340 மில்லிலீற்றர் எண்ணெயில் எரியும் நேரமும் ஏறத்தாழ 20 மணிதான். ஆனால், அவ்வெண்ணெயில் உள்ள சத்தி மூவாயிரம் வாற்றுமணிக்கு மேற்பட்டது! சுடர் ஏறத்தாழ 160 வாற்றுச் சத்தியை விழுங்கி, பெரும்பகுதியை வெப்பமாகவே வெளியே விட்டது. சிமிலியைத் தொட்டுக் கைசுட்டுக்கொண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

ஒளியின் நிறத்திலும் கவனம் வேண்டும். கடையில் முதலில் எடுத்துத் தருவது பெரும்பாலும் நீலம் பாய்ந்த வெள்ளொளிக் குமிழே. அதனை அரிக்கன் இலாம்பினுள் இட்டால் பிணியாளர் விடுதியின் தோற்றமே வரும். மண்ணெண்ணெய்ச் சுடரின் நிறவெப்பநிலை ஏறத்தாழ 2000 கெல்வின். 2200 கெல்வின் எனக் குறிக்கப்பட்ட மஞ்சளொளிக் குமிழ் அதற்கு மிக அணித்தானது. கண்கூசினால் சிமிலியின் உட்புறம் மெல்லிய எண்ணெய்த்தாளைச் சுருட்டி வைக்கலாம். சிமிலியை அரத்தாளால் தேய்த்து மங்கலாக்குவோர் உளர். பழைய அளவுச் சிமிலி உடைந்தால் மற்றொன்று கிடைப்பது எளிதன்று என்பதை அவர் நினைப்பதில்லை.

கழற்றிய திரிக்கூட்டையும் மூடியையும் துணியிற் சுற்றி, பற்றரி வைத்த பெட்டியிலேயே வைத்துவிடுதல் வேண்டும். வேறிடத்தில் வைத்தால் வேண்டியபோது அகப்படாது. மீண்டும் எண்ணெய் ஊற்றும் நாள் வந்தால், தக்கைகளையும் கம்பியையும் உருவியெடுத்துத் தொட்டியினுள் ஈரமில்லை எனக் கண்டபின், திரிக்கூட்டைப் பூட்டலாம். புதுத்திரியை எண்ணெயில் கால்மணிநேரம் ஊறவிட்டே கொளுத்த வேண்டும். ஊறாத திரி தானே கருகிப் புகையும்.