மானிட்டருக்கு ஒரு ‘டூப்’!

மக்காச்சோளம், சின்ன வெங்காயம், பருத்தி, சிமென்ட்... பெரம்பலூர், அரியலூர் என்றால் இதெல்லாம்தான் ஞாபகம் வரும். இன்னொரு விளைச்சலும் உண்டு. இன்ஜினீயர்கள்! விளைந்ததும் மூட்டை கட்டி சென்னைக்கு அனுப்பிவிடுவார்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், போன சரக்கு அப்படியே ஊர் திரும்பியது. மே மாதத் தொடக்கத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து வந்தவர்களால் இந்த இரண்டு மாவட்டங்களிலும் தொற்றுக் கணக்கு சட்டென்று எகிற, ‘மெட்ராஸ்லேர்ந்து வந்த புள்ளையா?’ என்று தெருவே பத்தடி தள்ளி நின்று விசாரித்தது. ஆள் வேப்பந்தட்டையில். வேலை பார்க்கிற கம்ப்யூட்டரோ பழைய மகாபலிபுரம் சாலையில், பூட்டிய ஆபீசுக்குள்!

‘அதனாலென்ன, இன்டர்நெட் வழியா பிடிச்சுக்கலாமே’ என்பீர்கள். பிடிக்கலாம்தான். அங்கேதான் ஒரு வில்லங்கம்.

செந்துறையில் ஒரு பெண், வீட்டிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆபீசில் யாரோ மானிட்டர் ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். நடுவே கரன்ட் போய் வருகிறது. மறுபடி இணைத்தால் திரை தீப்பெட்டி சைஸுக்குச் சுருங்கிக் கிடக்கிறது. இல்லாவிட்டால் ஒரே கறுப்பு. சாயங்காலத்துக்குள் வரைபடம் போகாவிட்டால் வேலைக்கே உலை!

காரணம் ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு மானிட்டரும் ஒயர் வழியாகத் தன் ஜாதகத்தைக் கம்ப்யூட்டரிடம் ஒப்பிக்கும். ‘நான் இத்தனை அகலம், இத்தனை உயரம்’ என்று. அந்தக் குரல் வராவிட்டால், பார்க்க ஆளில்லாத வாசலில் கோலம் எதற்கு என்று சில கம்ப்யூட்டர்கள் படம் வரைவதையே நிறுத்திவிடும். சில, ஏதோ கடமைக்குச் சின்னதாகப் போட்டு வைக்கும்.

‘‘திரையே இல்லாம எப்படிம்மா படம் ஓடும்?’’ என்று அப்பா கேட்பாரே... ஓடும்! சினிமாவில் ஹீரோவுக்குப் பதில் டூப் குதிக்கவில்லையா? அதே வித்தைதான். 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட ஒரு முழுத் திரையைக் கம்ப்யூட்டரின் மெமரியிலேயே வரைந்து வைக்க 8 எம்.பி. சொச்சம் போதும். கண்ணாடி வேண்டாம், வெளிச்சம் வேண்டாம். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிற கல்மரம் பார்வைக்கு மரம், தொட்டால் கல் இல்லையா? இது பார்வைக்குத் திரை, தொட ஒன்றுமே கிடையாது.

டூப்புக்கு ஆள் பிடிக்கப் பல வழி. கட்டைவிரல் சைஸில் ‘டம்மி பிளக்’ ஒன்று கடையில் விற்கிறது. சில நூறு ரூபாய்தான். மானிட்டர் செருகும் துளையில் செருகினால், ‘ஐயா, நான்தான் மானிட்டர்’ என்று அது கூசாமல் பொய் சொல்லும். ஆபீசில் செருக ஆளில்லையா? 2016-லிருந்து விண்டோஸ் 10-இல் சாஃப்ட்வேர் மூலமாகவே பொய் மானிட்டர் உண்டாக்க வழி வந்துவிட்டது. விண்டோஸின் சொந்த ‘ரிமோட் டெஸ்க்டாப்’ என்றால் இந்தத் தலைவலியே இல்லை. இணைக்கிறவருக்குத் தானே ஒரு திரை தயார்செய்து கொடுத்துவிடும். (ஆனால், ‘ஹோம்’ ரக விண்டோஸுக்குள் அப்படி நுழைய முடியாது. ஆபீசில் எந்த ரகம் என்று முதலில் விசாரியுங்கள்.)

லினக்ஸ்காரர்களுக்கு இதெல்லாம் பழைய சோறு. வி.என்.சி. என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால், நிஜத் திரை பூஜ்யம், மாயத் திரை ஒன்று, இரண்டு என்று வரிசையாகத் திறந்துகொண்டே போகலாம்.

அந்த வி.என்.சி. பிறந்த கதை ஜோர். இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் கூடத்தில் 1991-இல் ஒரு காபி பாத்திரம் இருந்தது. தூரத்து அறைக்காரர்கள் நடந்து வந்து பார்த்தால், காலி! கடுப்பாகிப்போன இருவர் பாத்திரத்துக்கு எதிரே ஒரு கேமரா வைத்து, உட்கார்ந்த இடத்திலேயே காபி இருக்கிறதா என்று பார்க்க ஏற்பாடு செய்தார்கள். அவர்களில் ஒருவரான க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃப்ரேசர்தான், பிறகு அதே ஊரின் ஒலிவெட்டி ஆராய்ச்சிக்கூடத்தில் வி.என்.சி.யை உருவாக்கிய குழுவிலும் இருந்தார். 1998-இல் அதை ஊருக்கே இலவசமாகக் கொடுத்துவிட்டார்கள். காபிப் பசி எதுவரை கொண்டு போயிருக்கிறது பாருங்கள்!

கிராமத்து சிக்னலுக்கு ஒரு டிப்ஸ். வி.என்.சி. முழுப் படத்தையும் ஒவ்வொரு தரமும் அனுப்பாது. மாறின துண்டை மட்டும்தான் அனுப்பும். ஆகவே, பின்னணியில் குழந்தை போட்டோவெல்லாம் வேண்டாம், வெறும் கறுப்பு போதும். மாயத் திரையின் அளவையும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். கரன்ட் போய் வந்தால் கம்ப்யூட்டர் தானே எழுந்திருக்கும்படி ‘பயாஸ்’ செட்டிங்கில் மாற்றி வைக்க, ஆபீசில் ஒரு புண்ணியவானைப் பிடித்துக்கொள்வது உத்தமம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. டம்மி பிளக் இல்லாமல் நிஜ மானிட்டரையே தூரத்திலிருந்து இயக்கினால், நீங்கள் திறக்கிற சம்பளப் பட்டியலை அங்கே வாட்ச்மேனும் வாசித்துக்கொண்டிருக்கக்கூடும்!

இந்த மாதிரி ‘ஆப்’களை வைத்தே திருடுகிறவர்களும் உண்டு. ‘எனிடெஸ்க்’ ஆப்பை இறக்கச் சொல்லி, அதில் தெரியும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிப் பணத்தைச் சுருட்டுவதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. அப்படி யாராவது ‘பேங்க்லேர்ந்து பேசறோம் சார்’ என்று எண் கேட்டால், கட் பண்ணுங்கள். ஏற்கெனவே கொடுத்துத் தொலைத்திருந்தால், முதலில் நெட்டை நிறுத்துங்கள். அடுத்த போன் 1930-க்கு.