சட்டத்தினும் விலை மிகுந்த கண்ணாடி

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் செய்யப்பட்ட பொன்முலாம் சுவர்க்கண்ணாடியைக் காண்போர், அதன் சட்டத்தில் செதுக்கிய கொடிகளையும் பறவைகளையும் கண்டே வியப்பர். ஆனால் பெரிய கண்ணாடிகளில், அன்று விலையின் பெரும்பகுதி உள்ளிருந்த தகட்டுக்கே சென்றது. உருகிய கண்ணாடியைக் குழாயாக ஊதி, பிளந்து விரித்துத் தகடாக்குவதே அங்கு வழக்கம். அம்முறையில் பெரிய தகடு கிட்டுவதரிது. பெரிய வார்ப்புத் தகடுகள் பிரான்சிலிருந்தே வந்தன. ரேவன்ஹெட்டில் வார்ப்புக் கண்ணாடி செய்வதற்கான ஆங்கில நிறுவனம் 1773இல்தான் அமைந்தது. இதற்கிடையே 1745இல் கண்ணாடிக்கு எடைவரி வேறு! அது நீங்க நூறாண்டு ஆயிற்று. ஆகவே சிறு தகடுகளைச் சேர்த்துவைத்து, இணைப்பைச் செதுக்கு வேலையால் மறைத்தனர். நாம் அழகு எனப் போற்றுவதில் ஒரு பகுதி சிக்கனத்தின் விளைவே.

1754இல் தாமஸ் சிப்பெண்டேல் வெளியிட்ட மாதிரி நூல் இத்தகைய சட்டங்களுக்குப் பல வடிவங்களைத் தந்தது. செதுக்கிய மரத்தின்மீது சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் கலந்த குழம்பைப் பல முறை பூசுவர். அதன்மேல் செம்மண் பூச்சு. பின் நீர் தடவித் தங்க ரேக்கு ஒட்டி, அகேட் கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். தேய்ந்த இடங்களில் இன்றும் அச்செம்மை எட்டிப்பார்க்கும். அதைக் குறையெனக் கருதிப் பொன்னிறப் பெயிண்ட் அடிப்பவர், தம் சொத்தின் மதிப்பைத் தாமே குறைத்துக்கொள்கிறார். ஈரத்துணியும் ஆகாது, நீரால் ஒட்டிய பொன் நீராலேயே பெயரும். மென்மையான தூரிகையால் தூசு தட்டினால் போதும்.

கண்ணாடியின் பின்புறம் வெள்ளீயமும் பாதரசமும் சேர்ந்த பூச்சு. வெள்ளி பூசும் முறையை 1835இல் லீபிக் கண்டறிந்த பின்னரே அது மெல்ல வழக்கொழிந்தது. பாதரசம் நஞ்சாதலின் பின்புறத்தைச் சுரண்டலாகாது. கரும்புள்ளி விழுந்த தகட்டை நீக்கிப் புதியது பொருத்துவதும் பெரும் பிழை. நாணயத்தின் விளிம்பைக் கண்ணாடியில் வைத்துப் பாருங்கள்: நாணயத்துக்கும் பிம்பத்துக்கும் இடைவெளி மிகக் குறைவெனில் தகடு மெல்லியது, பெரும்பாலான பழந்தகடுகள் அவ்வாறே இருக்கும். இது ஒரு குறிப்பு மட்டுமே. முடிவு நிபுணர் சொல்ல வேண்டியது.

இத்தகைய கண்ணாடி பரம்பரையாக இல்லத்தில் இருப்பின், காப்பீட்டுக்கு முன் மதிப்பீட்டுச் சான்று பெற்று, முன்புறம் பின்புறம் இரண்டையும் புகைப்படம் எடுத்து வைப்பது நன்று. விற்பனையிலும் கவனம் தேவை. இந்தியாவிலுள்ள, நூறாண்டு கடந்த கைவினைப் பொருள்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வரக்கூடும். அவ்வாறு வருபவற்றைத் தனிநபர் வெளிநாட்டுக்கு அனுப்ப இயலாது.