சத்திரத்துச் சோற்றைப் படிப்பாக்கிய மிராசுதார்

1940–ம் ஆண்டு மார்ச் 1–ந் தேதி. ஈரான் கடற்கரையில் உள்ள ஜாஸ்க் என்ற ஊரில் இருந்து "ஹானிபால்" விமானம் கிளம்பியது. ஷார்ஜாவில் இறங்க வேண்டும். இறங்கவில்லை. ஓமன் வளைகுடாவில் மாயமாய் மறைந்தது. அதில் இருந்த 8 பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை.

அந்த 8 பேரில் ஒருவர் தஞ்சை மண்ணில் பிறந்தவர். பெயர் சர் ஏ. டி. பன்னீர்செல்வம். லண்டனில் இந்தியா மந்திரியின் ஆலோசகராகப் பதவி ஏற்கப் போய்க்கொண்டிருந்தார். வயது 51.

30 வயதில் சேர்மன்

அந்நாள் தஞ்சை ஜில்லாவில் செல்வபுரம் என்ற ஊரில், 1888–ல் பிறந்தவர் பன்னீர்செல்வம். நிலபுலன் உள்ள கத்தோலிக்கக் குடும்பம். சீமைக்குப் போய்ச் சட்டம் படித்து, பாரிஸ்டராகத் திரும்பினார். 1918–ல் தஞ்சை முனிசிபல் சேர்மன் ஆனபோது அவருக்கு வயது 30.

அவர் சேர்ந்த இடம் நீதிக்கட்சி. ஜமீன்தார்களும் மிராசுதார்களும் நிறைந்த கட்சி அது. சிறைக்குப் போவது அவர்கள் வழி அல்ல. சர்க்காரோடு இருந்து, சட்டத்தின் மூலம் காரியம் சாதிப்பதே வழி. பன்னீர்செல்வமும் அப்படித்தான்.

யாருக்குச் சோறு?

1924–ல் அவர் தஞ்சை ஜில்லா போர்டு தலைவர் ஆனார். மராத்திய மன்னர்கள் ஏற்படுத்திய சத்திரங்கள் போர்டின் பொறுப்பில் இருந்தன. உரத்தநாட்டில் 1802–ல் சரபோஜி மன்னர் அமைத்த முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் ஒன்று. ராமேசுவரத்துக்கு நடந்து போகிறவர்களுக்குச் சோறு போட, மன்னர்கள் நஞ்சை நிலங்களை எழுதி வைத்திருந்தார்கள்.

ஆனால் 1914–ல் பாம்பன் பாலம் திறந்துவிட்டது. யாத்திரிகர்கள் ரெயில் ஏறிவிட்டார்கள். நிலமோ விளைந்துகொண்டுதான் இருந்தது! அந்த நெல் யாருக்கு?

படிக்க வழியில்லாத பிள்ளைகளுக்கு என்றார் பன்னீர்செல்வம். கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனார் அவருக்குத் துணை நின்றார். சத்திரத்தை இடிக்கவில்லை; மூடவும் இல்லை. மன்னர் தருமத்தைக் கொண்டே ஏழை மாணவர் விடுதிகள் நடந்தன. அதே வருமானத்தில் திருவையாற்றில் 1881 முதல் நடந்த வடமொழிக் கல்லூரியில், 1924–ல் தமிழும் பாடமாயிற்று. பெரிய பதவிகள் பல அவருக்கு வந்தன. தஞ்சை வட்டாரம் அதிகம் பேசுவது இதைத்தான்.

பட்டமும் எதிர்ப்பும்

1931–ல் லண்டன் வட்டமேஜை மகாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர்களின் பிரதிநிதியாகப் போனார். 1937–ல் சில மாதங்களே இருந்த இடைக்கால மந்திரிசபையில் உள்துறையும் நிதியும் அவரிடம் இருந்தன. பிறகு காங்கிரஸ் ஆட்சி வந்தது. எதிர்வரிசையில் மிஞ்சிய சிலரில் அவரும் ஒருவர்.

1938–ல் வெள்ளைக்கார சர்க்கார் "சர்" பட்டம் கொடுத்தது. தேசமே விடுதலை கேட்ட காலத்தில் அதை ஏற்றுக்கொண்டார், மறைப்பதற்கில்லை. அதே ஆண்டில்தான் பள்ளிகளில் கட்டாய இந்தி வந்தது. பட்டம் வாங்கிய கனவான், இந்தி எதிர்ப்பில் பெரியாரின் பக்கம் நின்றார். டிசம்பரில் சென்னை மகாநாட்டில் பெரியாரை நீதிக்கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பெரியாரோ சிறையில்! அவரது தலைமை உரையை மேடையில் படித்தவர் பன்னீர்செல்வம். ஒருவர் கடவுள் மறுப்பாளர், மற்றவர் கத்தோலிக்கர்.

பதினைந்து மாதத்தில் விமானச் செய்தி வந்தது. மனைவி இறந்தபோதுகூடக் கலங்காத தம்மை இந்த மரணம் கலங்க வைத்துவிட்டது என்று பெரியார் எழுதினார்.

ஈரோட்டில் ஒரு பூங்காவுக்கு அவர் பெயர் வைத்தார்கள். விமானத்தின் சிதைவு இன்றுவரை கிடைக்கவில்லை.