மலை தாண்டி வரும் காற்று

கோடை தொடங்கும் நாட்களில் தென்கொரியாவின் கிழக்குக் கரையில் இருக்கும் காங்னுங் நகரம் சில நாள் மேகம் மூடிச் சில்லென்று கிடக்கும். அதே நாளில் மேற்கே சியோலில் வியர்த்துக் கொட்டும். இரண்டுக்கும் நடுவே தேபெக் மலைத்தொடர். அதைத் தாண்டி மேற்கே இறங்கும் காற்றுக்குப் பெயர் 'நொப்சே பராம்'.

பராம் என்றால் காற்று. 'நொப்' வடக்கு, 'சே' கிழக்கு. சேர்த்தால் வடகிழக்குக் காற்று. கடலோடிகள் நாவில் புழங்கிய திசைச் சொற்கள் இவை. தெற்கிலிருந்து வருவது 'மாபராம்', மேற்கிலிருந்து வருவது 'ஹனி பராம்'.

ஓகாட்ஸ்க் கடல் பக்கமிருந்து குளிர்ந்த ஈரக்காற்று வந்து மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஈரம் மேகமாகத் திரளும்போது வெப்பம் வெளிப்படுவதால், 1,000 மீட்டர் ஏறினாலும் 5, 6 டிகிரிதான் குளிர்கிறது. ஈரத்தை அங்கேயே விட்டுவிட்டு மறுபக்கம் இறங்கும்போதோ, அதே 1,000 மீட்டருக்கு 10 டிகிரி சூடேறுகிறது. மேற்குப் பக்க வயலுக்கு வந்து சேர்வது வறண்ட அனல். பயிர் வாடிவிடும்.

15ஆம் நூற்றாண்டிலேயே காங் ஹுய்மெங் என்ற அறிஞர் தம் வேளாண் நூலில் இதைக் குறித்திருக்கிறார். மலைக்குக் கிழக்கே இருப்பவர்கள் கீழைக்காற்றை விரும்புகிறார்கள், மேற்கே இருப்பவர்கள் அதை வெறுத்து மேல்காற்றை விரும்புகிறார்கள். காற்று மலை தாண்டி வருவதுதான் காரணம் என்கிறார்.

கிழக்குக் கரைக்காரர்களுக்கு அச்சமூட்டும் காற்று எதிர்த்திசையில் வருவது. அதற்கும் ஒரு பெயர் உண்டு: 'யாங்கான்ஜிபுங்'. யாங்யாங், கான்சோங் என்ற இரண்டு ஊர்ப் பெயர்களின் முதல் அசைகளை எடுத்து, 'காற்று' என்று பொருள்படும் சீனச் சொல்லான 'புங்'கோடு கோத்தது. வசந்த காலத்தில் மேற்கிலிருந்து வரும் காற்று மலை முகட்டுக்கும், அதன் மேலே மூடிபோல் படிந்திருக்கும் சூடான காற்றடுக்குக்கும் இடையில் நெருக்குண்டு, சரிவில் வேகமெடுத்துப் பாய்கிறது. பைன் காடுகள் காய்ந்து கிடக்கும் பருவம் அது. ஒரு பொறி போதும்.

2005 ஏப்ரலில் யாங்யாங்கில் பிடித்த காட்டுத்தீயை இந்தக் காற்று கடலோரத்து நக்சான்சா புத்தக் கோயில் வரை விரட்டிக்கொண்டு போனது. அங்கே 1469இல் வார்த்த வெண்கல மணி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. மணிக்கூடம் பற்றி எரிய, மணி உருகி வழிந்தது. அரசின் பொக்கிஷப் பட்டியலில் 479ஆம் எண்ணில் இருந்த அந்த மணியின் பெயர் அதே ஆண்டு நீக்கப்பட்டது.